மதியக் காவல்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்கிற ஒரு ஷெட்டுக்குள் எங்கள் பாய்மரப் படகு சில வருடங்கள் நின்றது. கடல் அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பக்கத்து டீக்கடைக்கு வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, தண்ணி இல்லாத ஊர்ல இன்னாத்துக்குக் கப்பல் என்று கேட்பார்கள். ஷெட்டின் சொந்தக்காரர் என் கணவரின் நண்பர். அடுத்த வெள்ளத்துக்கு இது இங்கேயே மிதக்கும், அன்னிக்கு ஏத்திக்கோன்னு நீதான் வந்து நிப்ப என்று பதில் சொல்லுவார். மழைக்காலத்தில் அந்தப் பக்கத்து ரோடுகளைப் பார்த்தவர்கள் அதற்கு மேல் சிரிக்க மாட்டார்கள்.

நாங்கள் இருந்தது முகப்பேரில், வீட்டு வசதி வாரியம் கட்டிய அடுக்கு வீடுகளில் மூன்றாம் மாடி. கணவர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். இருவருமே கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பிள்ளை இல்லை. அந்தக் குறையைப் பற்றிப் பேச ஊரில் ஆள் இருந்ததால் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

நண்பர் அம்பத்தூரிலேயே பிறந்தவர். துறைமுகத்தில் படகு விடுகிறவர்களின் சின்னப் படகுகளுக்கு ஃபைபர் ஒட்டு வேலை செய்யப் போய், அங்கேயே பாய் விடக் கற்றுக்கொண்டவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வேடிக்கை பார்க்க அவரோடு போனார். கழுத்தெல்லாம் கருத்து, உப்புப் படிந்த சட்டையோடு சாயங்காலம் திரும்பி வந்தவர், சாப்பிடும்போது காரணமே இல்லாமல் சிரித்தார். இது அந்த ஒரு நாளோடு நிற்காது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பிறகு கொச்சியில் ஒரு வெளிநாட்டுக்காரர் கரையில் விட்டுப்போன படகை இருவரும் சேர்ந்து வாங்கி, டிரெய்லரில் ஏற்றி அம்பத்தூருக்குக் கொண்டுவந்தார்கள். சென்னையிலிருந்து கிளம்பி இலங்கையைச் சுற்றிக்கொண்டு மாலத்தீவு, அங்கிருந்து சீஷெல்ஸ், முடிந்தால் மடகாஸ்கர் வரை போவதாகத் திட்டம். வாடைக்காற்று இருக்கிற தை, மாசியில் கிளம்ப வேண்டும். இதற்கு மூன்று பேர் வேண்டும் என்றார்கள். மூன்றாவது ஆள் நான்தான் என்று அவர்களுக்குள் முடிவாகி வெகு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.

சமையலுக்கு ஆள் தேவை என்றால் அதை நேராகக் கேளுங்கள் என்றேன். கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. சோறு யார் வேண்டுமானாலும் பொங்கலாம், விழித்திருந்து பார்க்கத்தான் ஆள் வேண்டும் என்றார். நடுக்கடலில் படகை நிறுத்திவிட்டுத் தூங்க முடியாது. அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒருவர் மேலே உட்கார்ந்து கப்பல் வருகிறதா, காற்று மாறுகிறதா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தால்தான் மற்றவர்கள் கீழே தூங்கலாம். அதற்குக் காவல் என்று பெயர். மூன்று மணி நேரம் ஒருவர், பிறகு அடுத்தவர். உன்னை நம்பி நான் கண்ணை மூடுவேன், வேறு யாரையும் நம்பி மூட மாட்டேன் என்றார். முப்பது வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன நல்ல வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் வேலையை விட்டேன்.

சாமான் கட்டுகிற பொறுப்பை எடுத்துக்கொண்டேன். டப்பாக்களின் மேல் ஒட்டியிருக்கிற காகிதத்தை எல்லாம் கிழிக்க வேண்டும், ஈரத்தில் அது உரிந்து படகின் அடியிலிருக்கும் பம்பை அடைத்துவிடும். கிழித்துவிட்டு எனாமல் பெயின்டில் கடலை, பால், அன்னாசி என்று எழுதினேன். அட்டைப்பெட்டி கூடாது, கரப்பான் பூச்சி அதில்தான் ஏறி வரும். கண்ணாடி பாட்டில் கூடாது. மொட்டை மாடி முழுக்க வத்தல் காயப் போட்டேன், குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் படியேறி வந்து, மேடம், நீங்க கப்பலுக்குப் போறீங்களா, இல்ல கல்யாணத்துக்கா என்று கேட்டார். அவருக்கு ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் கொடுத்து வாயை அடைத்தேன்.

காவலுக்குப் பழக வேண்டும் என்று கணவர் வீட்டிலேயே முறை வைத்தார். பைத்தியம் என்று அக்கா சொன்னாள். குமணன்சாவடியில் இருக்கிற என் அக்காவுக்கு எங்கள் விஷயம் எதுவுமே சம்மதம் இல்லை. ஆனால் அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன், அதை இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது. சின்ன அறையில் பிளைவுட்டில் படகில் இருப்பது போலவே ஒடுக்கமான படுக்கைப் பலகை ஒன்று அடித்தார். உருண்டு விழாமல் இருக்க ஓரத்தில் கித்தான் துணி கட்டினார். ஒருவர் அதில் தூங்கும்போது மற்றவர் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை எழுந்து சுற்றிலும் பார்க்க வேண்டும். அங்கே என்ன இருக்கிறது பார்க்க? எதிர் பிளாக், தண்ணீர் லாரி, ஸ்கூட்டரில் டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள். அப்படியே பார்த்தோம். காவல் மாறும்போது, எல்லாம் சரி, கிழக்கே ஒரு மாநகராட்சி லாரி என்று அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஒப்படைப்பார். எனக்குச் சிரிப்பு தாங்காது.

இரண்டு விதிகளில் மட்டும் அவர் விளையாட்டுக்குக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. தூங்குகிறவரை அவர் முறை வரும் முன்னால் எழுப்பக் கூடாது. குக்கர் வைக்கக் கூடாது, பீரோவைத் திறக்கக் கூடாது, எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. கடலில் தூக்கம் கெட்டவன் செய்கிற தப்பில்தான் ஆட்கள் சாகிறார்கள் என்பார். இன்னொன்று, எழுப்பும்போது தோளைத் தட்டக் கூடாது. திடுக்கிட்டு எழுந்தால் தலை மேல் கட்டையில் இடிக்கும். கால் கட்டைவிரலைப் பிடித்து லேசாக ஆட்ட வேண்டும். அவரை அப்படித்தான் எழுப்புவேன். ஒரு கண்ணைத் திறந்து, கப்பல் ஏதாவது என்று கேட்பார்.

அது ஆடி மாதத்து ஞாயிறு. காலையில் ஷெட்டில் நங்கூரச் சங்கிலியை இழுத்துப் போட்டு எண்ணெய் பூசிவிட்டு வந்தார். களைத்துத்தான் இருந்தார். மோரும் சாதமும் சாப்பிட்டார். பன்னிரண்டு மணிக்கு என் காவல். ஒப்படைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். நான் பால்கனியில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன், ஊறுகாய்க்கு. கால் மணிக்கு ஒருமுறை எழுந்து பார்த்தேன். கீழே யாரோ புதுக் கார் வாங்கி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி ஆனது. பாவம், கஷ்டப்பட்டிருக்கிறார், இன்னும் அரை மணி தூங்கட்டும் என்று விட்டேன். கடலில் அப்படிச் சலுகை காட்டக் கூடாது என்று சண்டை போடுவார், போடட்டும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு டீ போட்டு ஆற்றி எடுத்துக்கொண்டு போய்க் கட்டைவிரலைப் பிடித்தேன். விரல் சில்லென்று இருந்தது. ஃபேன் காற்றுதான் என்று நினைத்துப் போர்வையை இழுத்துக் காலை மூடினேன். மூடிவிட்டு மறுபடியும் பிடித்து ஆட்டினேன்.

தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது, நேரமாகிவிட்டது என்றார் டாக்டர். படுத்த கொஞ்ச நேரத்திலேயே என்றால் பக்கத்தில் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார். அவர் நல்ல மனிதர், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். வந்தவர்கள் எல்லாம் நல்ல சாவு, கொடுத்து வைத்த மனுஷன் என்றார்கள். யாருக்குக் கொடுத்து வைத்தது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்கா மட்டும், பக்கத்து அறையில இருந்தும் உனக்கு ஒண்ணும் தெரியலையாடி என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். குற்றம் சொல்லவில்லை, அவளுக்கு அப்படித்தான் அழத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி வீட்டிலேயே தங்கிவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் போன பிறகும் நான் அவரைக் காவல் காத்திருக்கிறேன், பூண்டு உரித்துக்கொண்டு, சத்தம் போடாமல்.

காரியம் முடிந்த பிறகும் நண்பர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஷெட்டில் படகு இருந்த பகுதியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வித்துவிடுவார்கள் என்று அக்கா நிம்மதிப்பட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்தப் பலகையும் துணியும் கிடக்கிற வீட்டில் பகலைக் கழிக்க முடியவில்லை. ஒரு நாள் பஸ் ஏறி அம்பத்தூருக்குப் போனேன். அவர் தொட்டிக்கு ரெசின் கலந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். நான்தான் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தேன், அவர் மறுமுனையைப் பிடித்தார்.

அப்புறம் நான் தினமும் போனேன், இருவருமாகப் படகு வேலையைத் தொடர்ந்தோம். பாயில் கிழிந்த இடங்களுக்கு ஒட்டுப் போட்டுத் தைத்தோம். கயிறுகளைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தேன். மருந்துப் பெட்டி, தண்ணீர், ஸ்டவ் எல்லாம் சேர்த்தோம். என் கணவரை அவர் மச்சான் என்று கூப்பிட்டவர், அதனால் நான் அவருக்குத் தங்கச்சி. ஒரு நாள் பாயை மடிக்கும்போது, நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"மச்சான் இல்லாம நான் போறதா இல்ல தங்கச்சி. நீ வர்றேன்னா போவேன்."

வருகிறேன் என்றேன். யோசிக்கவே இல்லை. என் கணவர் எந்த இடத்துக்குப் போக ஆசைப்பட்டாரோ அங்கே போய் நிற்க வேண்டும், அது ஒன்றுதான் அப்போது எனக்கு வேண்டியிருந்தது. புருஷனைப் பறிகொடுத்தவள் ஆறு மாதத்தில் வேற்று ஆம்பளையோடு கப்பல் ஏறுகிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசியது காதில் விழுந்தது. கடலில் அந்தப் பேச்சுக் கேட்காது என்று ஒரு திருப்தி.

புயல் காலம் ஓயட்டும் என்று காத்திருந்து மார்கழிக் கடைசியில் படகைக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். பகலில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் விட மாட்டார்கள் என்பதால் ராத்திரியில் போனது, நான் கூடப் போகவில்லை. துறைமுகத்தில் அதைத் தண்ணீரில் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஷெட்டுக்குள் ஏணி வைத்து ஏறிய பெரிய உருவம் அங்கே சின்னதாக ஆடிக்கொண்டிருந்தது. தை பிறந்ததும் நாங்கள் இருவர் மட்டும் வெள்ளோட்டம் கிளம்பினோம். புதுச்சேரி வரை போய்த் திரும்புவது. படகு எப்படி இருக்கிறது, நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று பார்க்க.

படகு நன்றாகத்தான் இருந்தது. முதல் நாள் வாந்தி எடுத்தேன், அதோடு சரியாகிவிட்டது. மறுநாள் விடிந்ததும் நண்பர் என்னிடம் காவலை ஒப்படைத்துவிட்டுக் கீழே போய்ப் படுத்தார். ராத்திரி பூரா கண் விழித்தவர். திசை பிடிக்கிற கருவி படகைத் தானாக ஓட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும். வெயில் இதமாக இருந்தது. கடல் முழுக்க வெளிச்சம். இதற்குத்தான் என் கணவர் அன்று அப்படிச் சிரித்தாரா என்று நினைத்தேன், ஒரு நிமிஷம் மனசு நிறைந்து போயிற்று.

அப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பது தெரிந்தது. காற்றுச் சத்தம், தண்ணீர்ச் சத்தம். கீழேயிருந்து ஒன்றுமில்லை. குறட்டை விடுகிற ஆள்தானே, ஏன் விடவில்லை? எட்டிப் பார்க்கக் கூடாது. பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே ஏணியில் இறங்கிவிட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முதுகு அசைகிறதா என்று தெரியவில்லை, படகே அசைந்துகொண்டிருந்தது. மூக்குக்கு நேராகக் கையை நீட்டினேன். மூச்சு சுட்டது. மேலே வந்தேன். சுற்றிலும் பார்த்தேன். மறுபடி இறங்கினேன். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"கீறேன் தங்கச்சி. உசுரோடதான் கீறேன். நீ மேல போய்ப் பாரு."

வெட்கமாகப் போயிற்று. மேலே போய்க் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் இப்படித்தான் அடக்கமாக உட்கார்ந்திருந்தேன் என்று தோன்றியதும் கை தானாகக் கயிற்றை விட்டது. மறுபடி இறங்கி நண்பர் பக்கத்தில் நான் குனிந்து நின்றபோது வெளியே ஆட்கள் கத்துகிற சத்தம் கேட்டது. நண்பர் ஒரே தாவலில் என்னைத் தள்ளிக்கொண்டு மேலே ஓடிச் சுக்கானைத் திருப்பினார். நான் பின்னால் ஏறி வந்தபோது ஒரு மீன்பிடிப் படகு கைக்கு எட்டுகிற தூரத்தில் எங்களைக் கடந்து போனது. நாலைந்து பேர் வலையை அப்படியே போட்டுவிட்டு ஓரத்துக்கு ஓடி நின்றிருந்தார்கள்.

"யோவ், கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று ஒருவர் கத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். சொல்ல வந்த மிச்சத்தைச் சொல்லவில்லை.

அவர்கள் தூரம் போனதும் நண்பர் படகைப் பழைய திசைக்குத் திருப்பினார். அவர் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் கொடுத்தார்.

"இன்னொரு தடவை இப்படி நடக்காதுன்னு என்னால சொல்ல முடியாதுண்ணே," என்றேன். "நீங்க தூங்கினா நான் வந்து பார்ப்பேன். அடக்கிப் பார்த்துட்டேன். வேற ஆளைப் பாருங்க."

அவர் தளர்ந்திருந்த பாய்க்கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"தூங்காமயே வந்துடுறேன்னு சொல்லத்தான் தோணுது தங்கச்சி. சொன்னா பொய்யி."

திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் தூங்கவில்லை. என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு அவரே முழுக்க உட்கார்ந்து வந்தார். அவர் கண் சிவந்து கிடந்ததைப் பார்த்தபோதுதான், மூன்றாவது ஆள் எதற்கு என்று கணவர் சொன்னது முழுசாக விளங்கியது.

எனக்குப் பதிலாகத் துறைமுகத்துப் பழக்கத்தில் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் எண்ணூர்க்காரர், மரக்கலத்தில் வேலை பார்த்தவர். இன்னொருவர் ஐ.டி. கம்பெனியை விட்டவர். நான் அவர்களுக்கு எந்தப் பலகைக்கடியில் அரிசி, எதில் பருப்பு, முட்டையில் ஏன் எண்ணெய் தடவியிருக்கிறது, எந்த ஊறுகாயை முதலில் தீர்க்க வேண்டும் என்று பாடம் எடுத்தேன். ஐ.டி. ஆள் போனில் படம் எடுத்துக்கொண்டார். என் கணவருக்கென்று ஒதுக்கிய படுக்கை அவருக்குப் போனது. அவர் கால் நீளம், கொஞ்சம் மடக்கித்தான் படுக்க வேண்டியிருந்தது. மச்சான் ஞாபகமாக ஏதாவது கொடு, கொண்டுபோகிறேன் என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். ஒரு சட்டையையும் கண்ணாடியையும் கடல் கடத்தி அனுப்பி, அவர் போனதாக நினைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அவர் போகவில்லை. அவ்வளவு ஆசைப்பட்டும் போகவில்லை.

தை முடிகிற சமயம் கிளம்பினார்கள். நண்பரின் மனைவி தேங்காய் உடைத்தாள். நான் கையை ஆட்டினேன். படகு துறைமுகத்தின் வாயைத் தாண்டியதும் அக்கா என்னை ஆட்டோவில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டாள். அந்தப் பலகையைக் கழற்றிவிடலாமா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன், அவள் தொடவில்லை.

நடுக்கடலிலிருந்து செயற்கைக்கோள் வழியாகச் சின்னச் செய்தி அனுப்புகிற கருவி ஒன்று படகில் உண்டு. அவர்கள் கிளம்பியதற்கு அடுத்த நாள் நான் முகப்பேரில் காய்கறிக் கடையில் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. இடத்தின் எண்களைப் போட்டுவிட்டு, கீழே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி நண்பர் எழுதியிருந்தார். காற்று நல்லா கீது. ராத்திரி எல்லாரும் முறை வச்சி நல்லா தூங்கினோம்.

கடைக்காரர் வெண்டைக்காய் எவ்வளவு என்று கேட்டார். கடைத் தட்டியைப் பிடித்துக்கொண்டு, என் கணவர் போனதிலிருந்து அழாத அழுகையை அங்கேயே நின்று அழுதேன்.